குதிரைப் பாதையில் திடீர் ஆபத்து: மருத்துவர் வந்து சேரும்வரை என்ன செய்வது?

குதிரை என்றதும் நம்மில் பலருக்குப் பந்தயத் திடல்தான் நினைவுக்கு வரும். ஈப்போ, பினாங்கு, சுங்கை பீசி, சிங்கப்பூர் எனப் பந்தயத் திடல்களின் பின்கட்டில் சைஸ் வேலை பார்த்துக் குடும்பத்தைக் கரையேற்றிய தமிழர்கள் பலர். அந்தக் காலம் இப்போது சுருங்கி வருகிறது. கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 1864இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பும் 2025இல் பந்தயத்தை நிறுத்திக்கொண்டது.

ஆனால் குதிரை நம்மை விட்டுப் போய்விடவில்லை. ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரைகள் பல, சவாரிப் பள்ளிகளிலும் சிறிய லாயங்களிலும் இருக்கின்றன. வார இறுதியில் பட்டணத்துப் பிள்ளைகள் சவாரி பழகப் போகிறார்கள். கொஞ்சம் பழகியதும் வேலிக்குள் சுற்றுவது அலுத்துவிடுகிறது. செம்பனைத் தோட்டத்து மண்பாதை, கடற்கரை, ஆற்றோரம், காட்டு ஓரம் என்று வெளியே போக ஆசை வருகிறது. அவர்களுக்கு முன்னால் வழிகாட்டியாகப் போகும் சைஸ் பல இடங்களில் நம் ஆள்தான்.

பந்தயத் திடலில் குதிரை இடறி விழுந்தால் மருத்துவர் சில நிமிடங்களில் வந்துவிடுவார். தோட்டத்தின் நடுவே, முக்கிய சாலையிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் உள்ளே, மழை வரப்போகும் நேரத்தில் விழுந்தால் உதவி வர ஒரு மணி நேரம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதும் என்ன செய்யாமல் இருக்கிறோம் என்பதும் குதிரையின் உயிரைத் தீர்மானிக்கக்கூடும்.

நலமாக இருக்கும்போது எண்ணிப் பாருங்கள்

500 கிலோ எடையுள்ள விலங்கு தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. நாடி, மூச்சு, உடல் சூடு, ஈறு ஆகிய நான்கும்தான் அதன் பேச்சு. ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். மூச்சு சுமார் 8 முதல் 16. உடல் சூடு 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ். ஈறு ஈரமாகவும் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வந்துவிட வேண்டும்.

நாடி பார்க்கக் கருவி கட்டாயமில்லை. கீழ்த்தாடை எலும்பின் உள்பக்கம் விரலை வைத்து மெல்லத் தடவினால் கயிறு போல ஒன்று உருளும். அங்கே 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். ஸ்டெதஸ்கோப் இருந்தால் இடது முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னால் வைத்துக் கேட்கலாம். சூடு பார்க்கும்போது பக்கவாட்டில் நில்லுங்கள், நேர் பின்னால் நிற்காதீர்கள். வெப்பமானியை ஆசனவாயில்தான் வைக்க வேண்டும். அது உள்ளே போய்விடாமலிருக்க அதன் முனையில் நூல் கட்டி வாலில் கிளிப்பால் மாட்டிவிடுவது வழக்கம்.

இதையெல்லாம் முதன்முதலாக ஆபத்து நேரத்தில் செய்ய முடியாது. வலியில் துடிக்கும் குதிரையின் தாடையில் நாடியைத் தேடிப் பழக முடியுமா? லாயத்தில் அமைதியாக நிற்கும்போது ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்து எழுதி வையுங்கள். உங்கள் குதிரையின் சொந்தக் கணக்கு அதில் தெரிந்துவிடும். 32 நாடி வழக்கமாக உள்ள குதிரைக்கு 44 என்பது, புத்தகக் கணக்குப்படி சரியாக இருந்தாலும், கவனிக்க வேண்டிய எண்தான்.

பை குதிரை மேல், கைப்பேசி உங்கள் மேல்

கைப்பேசியைச் சேணப் பையில் வைக்காதீர்கள். நீங்கள் விழுந்து குதிரை ஓடிவிட்டால் கைப்பேசியும் அதோடு ஓடிவிடும். இடுப்பிலோ சட்டைக்குள்ளோ, உடம்போடு ஒட்டி இருக்கட்டும். ஒரு விசில், சிறிய மடக்குக் கத்தி இரண்டும் அதே போல உடம்பில் இருக்க வேண்டும். கயிறு கழுத்திலோ காலிலோ இறுகினால் முடிச்சை அவிழ்க்க நேரம் இருக்காது.

சேணத்தில் ஒரு தகட்டிலோ பட்டையிலோ லாயத்தின் தொலைபேசி எண்ணை எழுதி மாட்டுங்கள். தப்பியோடிய குதிரையைப் பக்கத்துக் கம்பத்தில் யாராவது பிடித்தால் யாரை அழைப்பது என்று தெரிய வேண்டுமல்லவா. கடிவாளத்துக்கு அடியில் சாதாரணத் தலைக்கயிறும் போட்டிருங்கள், நடத்திக் கொண்டுவர அதுதான் உதவும். கடிவாள வாரைப் பிடித்து மரத்தில் கட்டினால், குதிரை மிரண்டு இழுக்கும்போது வாய் கிழிந்துவிடும்.

முதலுதவிப் பைக்குப் பெரிய செலவு ஆகாது. வெப்பமானி, உப்புநீர்ப் பாட்டில்கள், சுத்தமான துணிக்கட்டுகள், பஞ்சுச் சுருள், ஒட்டிக்கொள்ளும் கட்டுத்துணி, கத்தரி, குளம்புக் கொக்கி, தடித்த பசை டேப், டார்ச், மார்க்கர் பேனா, ஒரு துண்டுத் தாள் போதும். அவற்றோடு குழந்தைகளின் டயப்பர் இரண்டு. சிரிக்க வேண்டாம். இரத்தம் ஒழுகும் காயத்தை அழுத்தவும், லாடம் கழன்ற குளம்பைச் சுற்றி டேப் போட்டு வீட்டுக்குக் கூட்டிவரவும் டயப்பரைப் போல ஒத்து வரும் பொருள் வேறில்லை. 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டிய வழவழப்பான ரப்பர்க் குழாய்த் துண்டுகள் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதற்கு என்பது பாம்புக்கடிப் பகுதியில் வரும்.

பிளாக் எண்ணைக் கவனியுங்கள்

உதவி கேட்டு அழைப்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "செம்பனை மரங்களுக்கு நடுவில்" என்பதுதான் பதிலாக வருகிறது. ஆயிரக்கணக்கான ஏக்கரில் எல்லாம் செம்பனைதான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பகுதிக்கும் பிளாக் எண் உண்டு, மூலையில் பலகையோ பெயிண்ட் அடித்த கல்லோ இருக்கும். கடந்து போகும்போது அந்த எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குலை ஏற்றும் லோரி எந்தச் சாலையில் வரும், மரப்பாலம் எது, இரும்புப் பாலம் எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். குதிரை ஏற்றும் லோரி அந்தப் பாலத்தில் வர முடியுமா என்ற கேள்வி பிறகு வரும்.

தனியார் தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகத்திடம் அனுமதி வாங்கியாக வேண்டும். அதோடு மண்டோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. இன்று எந்தப் பிளாக்கில் களைக்கொல்லி அடிக்கிறார்கள், எங்கே குலை வெட்டுகிறார்கள், எங்கே குளவிக்கூடு பார்த்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மருந்தடித்த புல்லைக் குதிரை மேய்ந்துவிட்டால், என்ன மருந்து என்ற பெயர்தான் மருத்துவருக்கு முதலில் வேண்டும்.

போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் லாயத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். குறித்த நேரத்துக்கு அரை மணி கழிந்தும் வராவிட்டால் தேட வேண்டும் என்பதும் பேசி வைத்ததாக இருக்கட்டும்.

மருத்துவர் விஷயத்தில் ஒரு கசப்பான உண்மை உண்டு. நம் ஊர்களில் உள்ள கால்நடை கிளினிக்குகளில் பெரும்பாலானவை பூனை, நாய் பார்ப்பவை. குதிரை பார்ப்பவர் யார், ஞாயிற்றுக்கிழமை வருவாரா, இரவில் வருவாரா என்பதை முன்கூட்டியே கேட்டு, இரண்டு எண்களையாவது கைப்பேசியில் பதிந்து வையுங்கள். செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையில் குதிரைகளையும் பார்க்கிறார்கள். வடக்கிலோ ஜோகூரிலோ இருப்பவர்களுக்கு அது தூரம். ஆகவே லோரிக்காரரின் எண்ணும் மருத்துவரின் எண்ணைப் போலவே முக்கியம்.

வெயிலைவிடப் புழுக்கமே எமன்

நம் நாட்டில் பாதையில் செல்லும் குதிரைக்கு அடிக்கடி வரக்கூடிய ஆபத்து சூடுதான். குதிரையும் மனிதனைப் போல வியர்த்துத்தான் உடலைத் தணிக்கிறது. கடுமையாக வேலை செய்யும் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 முதல் 15 லிட்டர் வரை வியர்வை சிந்தக்கூடும். ஆனால் காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருக்கும்போது வியர்வை ஆவியாவதில்லை, சொட்டித்தான் போகிறது. ஆவியாகாத வியர்வையால் குளிர்ச்சி இல்லை. மழை பெய்து ஓய்ந்து வெயில் சுள்ளென்று அடிக்கும் மதிய வேளை இதனால்தான் மோசமானது.

சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். குளிர் நாட்டிலிருந்து வெப்பமண்டலத்துக்குக் கொண்டுவரப்பட்ட குதிரைகளிடம் இந்தக் கோளாறு காலங்காலமாக அறியப்பட்டது. மற்ற குதிரைகள் நனைந்து நிற்கும்போது ஒன்று மட்டும் காய்ந்த தோலோடு மூச்சிரைத்து நின்றால் அதைப் பாதைக்குக் கூட்டிப்போகவே கூடாது.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. கடல் வழியாகக் குதிரை வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, அங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை விலைக்கு வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாததால் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்று எழுதினார். புரவி, பரி, மா, இவுளி என்று தமிழில் குதிரைக்குப் பெயருக்குப் பஞ்சமில்லை. வெப்பத்தில் அதை உயிரோடு வைத்திருப்பது வேறு கலை.

அறிகுறிகளைப் பார்ப்போம். நின்று பத்துப் பதினைந்து நிமிடம் ஆன பின்பும் மூச்சிரைப்பு தணியாது, நாடி 64க்குக் கீழே இறங்காது. நீண்டதூரச் சவாரிப் போட்டிகளில் ஓய்வு நிறுத்தத்தில் பார்க்கப்படும் பழைய அளவும் இந்த 64தான். 2008இல் திரெங்கானுவில் நடந்த உலக நீண்டதூரக் குதிரைச் சவாரிப் போட்டி நினைவிருப்பவர்களுக்கு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியதும் நினைவிருக்கும். உடல் சூடு 40ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். 41ஐத் தாண்டினால் உயிராபத்து. தள்ளாட்டம், சோர்ந்த பார்வை, தண்ணீர் காட்டினாலும் மோந்து பார்க்காத நிலை ஆகியவை அதன் அடையாளங்கள்.

உடனே இறங்கிச் சேணத்தைக் கழற்றுங்கள். நிழலில், காற்று படும் இடத்தில் நிறுத்தி உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு வாளி ஊற்றிவிட்டு நிறுத்தக் கூடாது. ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சூடான குதிரை மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பழைய ஆட்கள் சிலர் இன்னும் சொல்கிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி, புழுக்கமான பருவநிலையில் குதிரைகளைக் குளிர்விப்பது பற்றி நடந்த ஆய்வுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. குளிர்ந்த நீர்தான் விரைவில் காப்பாற்றுகிறது. ஈரத் துண்டைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள். துண்டு சூடேறிப் போர்வையாகிவிடும். குடிக்கத் தண்ணீர் காட்டலாம். வாயைத் திறந்து ஊற்றுவதோ, நாம் குடிக்கும் விளையாட்டுப் பானத்தைப் பாட்டிலோடு தொண்டையில் கவிழ்ப்பதோ கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

இதற்கு இரட்டைப் பிள்ளை போன்ற இன்னொரு கோளாறு உண்டு. நடந்துகொண்டிருந்த குதிரை திடீரென்று பின்னங்கால்களை இழுத்து இழுத்து வைக்கும். பிறகு நகரவே மறுக்கும். பின்புறத் தசையைத் தொட்டால் பலகை போல இருக்கும். வியர்த்துக் கொட்டும். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து இரத்தத்தில் கலக்கிறது என்று பொருள். நாலு நாள் சும்மா கட்டிப்போட்டு, தீவனத்தை மட்டும் குறைக்காமல் போட்டு, ஐந்தாம் நாள் வேலைக்கு எடுத்தால் இது வரும். இதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே திங்கட்கிழமைக் காலை நோய். அந்தக் குதிரையை ஓர் அடிகூட நடத்தாதீர்கள். மெல்ல நடத்திக் கொண்டுபோய்விடலாம் என்ற எண்ணம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். லோரியை அந்த இடத்துக்கே வரவழையுங்கள்.

வயிற்று வலி

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கீழ் வழியாகத்தான் போக வேண்டும். அடைத்தாலோ முறுக்கிக்கொண்டாலோ ஆபத்து. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்னங்காலால் தரையைக் கீறுவது, மேலுதட்டைச் சுருட்டுவது, படுத்துப் படுத்து எழுவது, புரள்வது ஆகியவை இதன் அறிகுறிகள். நாடி 60க்கு மேல் நின்றாலோ, ஈறு வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, பொறுத்துப் பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம்.

தீனியை விலக்குங்கள். அமைதியாகப் படுத்திருந்தால் படுக்கட்டும். மூர்க்கமாகப் புரண்டால் மட்டும், உங்களுக்கு அடிபடாமல் பார்த்துக்கொண்டு, எழுப்பி மெல்ல நடத்துங்கள். மணிக்கணக்கில் நடத்திக் களைக்க வைக்க வேண்டியதில்லை. கையில் வலி மருந்து இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வலி மறைந்துவிட்டால் அறுவை வேண்டுமா வேண்டாமா என்று அவரால் கணிக்க முடியாமல் போகும். ஊசியைத் தசையில் குத்துவது இன்னும் மோசம். சில மருந்துகள் அங்கேயே அழுகலை உண்டாக்கிவிடும்.

மருத்துவரை அழைக்கும்போது "டாக்டர், சீக்கிரம் வாங்க, குதிரை சாகப்போகுது" என்றால் அவருக்கு எதுவும் விளங்காது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "டாக்டர், 12 வயதுக் குதிரை, காயடித்தது. 20 நிமிடமா வயிற்றைப் பார்க்குது, ரெண்டு தடவை புரண்டது. நாடி 60, சூடு 38.1, ஈறு வெளுத்திருக்கு. காலையில ஏழு மணிக்குச் சாணி போட்டது, அதுக்கப்புறம் இல்ல. பிளாக் 14ல நிக்கிறோம், பெரிய சாலையிலிருந்து ரெண்டு கிலோமீட்டர். லோரி உள்ள வர முடியும்." எண்ணித் தாளில் எழுதி வைத்த கணக்கு இங்கேதான் கைகொடுக்கும்.

காயம், ஆணி, மட்டை முள்

500 கிலோ குதிரைக்கு உடலில் சுமார் 40 லிட்டர் இரத்தம் இருக்கும். அதனால் தரையில் ஒரு குட்டை இரத்தத்தைப் பார்த்து நிலைகுலைய வேண்டாம். சுத்தமான துணியையோ டயப்பரையோ வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்ப்பதால்தான் பலருக்கு நிற்பதில்லை. ஊறி வந்தால் மேலேயே இன்னொன்றை வைத்துக் கட்டுங்கள். காலில் கட்டும்போது அடியில் பஞ்சுப் பட்டை கட்டாயம். வெறும் கட்டுத்துணியை இறுக்கினால் நரம்பு போல ஓடும் தசைநாண் கெட்டுவிடும்.

மஞ்சள், காப்பித்தூள், மண்ணெண்ணெய், நீலநிற ஸ்பிரே எதுவும் முதலில் வேண்டாம். உப்புநீர் போதும். தைக்க வேண்டிய காயத்தில் தூளை அப்பிவிட்டால், அதைச் சுரண்டி எடுப்பதற்குள் மருத்துவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

பயப்பட வேண்டியது பெரிய கிழிசலுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மூட்டுக்குப் பக்கத்தில் விழுந்த சிறிய துளை அதைவிடக் கொடியது. செம்பனை மட்டையின் முள் எப்படிப்பட்டது என்று குலை வெட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். குத்திய இடம் ஊசித் துளை போலத்தான் தெரியும், இரத்தமும் வராது. மறுநாள் கால் வீங்கி, குதிரை ஊன்ற முடியாமல் நிற்கும். மூட்டுக்குள் கிருமி போய்விட்டால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. துளையிலிருந்து மஞ்சளாக, பிசுபிசுப்பாக நீர் கசிந்தால் அது மூட்டு நீர். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதனால்தான் மட்டை அடுக்கி வைத்த வரிசைக்குள் குதிரையை விடாமல், தள்ளுவண்டி போகும் வரிசையிலேயே போக வேண்டும். மட்டைக் குவியல் எலிக்கும் பாம்புக்கும் வீடு என்பது கூடுதல் காரணம்.

குளம்பின் அடியில் ஆணி ஏறியிருந்தால் பிடுங்கி எறிய வேண்டாம். எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று எக்ஸ்ரேயில் பார்க்க அது அங்கேயே இருப்பது நல்லது. ஆணியைச் சுற்றி டயப்பரைக் கனமாக மடித்து, அழுத்தம் ஆணி மேல் விழாதபடி டேப் போட்டு, நடத்தாமல் நிறுத்தி வையுங்கள். கால் ஊன்றும்போது இன்னும் ஆழமாக இறங்கும் என்றால் மட்டும் எடுங்கள். எடுப்பதற்கு முன் படம் பிடித்து, எடுத்த துளையை மார்க்கரால் வட்டமிட்டு, ஆணியைப் பத்திரப்படுத்துங்கள். சில நிமிடங்களில் துளை மூடிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இரண ஜன்னி எனப்படும் டெட்டனஸுக்குக் குதிரை மிக எளிதில் பலியாகும். தடுப்பூசி அட்டையைப் புறப்படும் முன்பே பாருங்கள். உங்கள் ஊசி எப்போது போட்டது என்றும் பாருங்கள்.

பாம்பும் குளவியும்

குதிரை எதையும் மூக்கை நீட்டிப் பார்க்கும். அதனால் பாம்புக்கடி பெரும்பாலும் மூக்கிலோ காலிலோதான் விழும். மூக்கில் கடித்தால் நஞ்சோடு வீக்கமும் கொல்லும். குதிரையால் வாயால் மூச்சுவிட முடியாது, மூக்கு ஒன்றே வழி. அதற்குத்தான் அந்த ரப்பர்க் குழாய்கள். வீக்கம் முற்றுவதற்குள் ஒவ்வொரு நாசியிலும் ஒன்றை மெல்லச் செலுத்தி, வெளி முனையை டேப்பால் ஒட்டி வையுங்கள். இறுக்கமான தலைவாரைத் தளர்த்துங்கள். கத்தியால் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் சினிமாவோடு போகட்டும். குதிரையை அசையாமல், அமைதியாக வைத்திருப்பதுதான் நஞ்சு பரவுவதைத் தாமதப்படுத்தும். பாம்பைத் துரத்த வேண்டாம். தூரத்திலிருந்து படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். நம் தோட்டங்களில் உள்ள துப்பும் நாகம் கண்ணில் நஞ்சைப் பீய்ச்சினால், குதிரைக்கானாலும் உங்களுக்கானாலும், 15 நிமிடமாவது சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

மலாயில் தெபுவான் என்கிறார்களே, அந்தக் குளவி கிளம்பினால் நின்று யோசிக்க நேரமில்லை. வந்த வழியில் விரைவாக விலகுங்கள். முன்னால் போகிறவர் கத்திச் சொல்ல வேண்டும். கூட்டைக் கலைத்தது முன்குதிரையாக இருந்தாலும் கடி வாங்குவது பின்னால் வருபவைதான். கட்டிப்போட்ட குதிரை குளவியிடம் மாட்டினால் பிழைப்பது கடினம். அதனால் ஓய்வெடுக்க நிறுத்தும்போது மேலேயும் புதரிலும் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

வாய்க்காலில் விழுந்தால்

தோட்டத்து வாய்க்காலும் சதுப்பு மண்ணும் குதிரையைப் பிடித்துக்கொண்டால் நாலு பேர் கூடிக் கயிறு கட்டி இழுக்கத் தோன்றும். டிராக்டரும் பக்கத்திலேயே இருக்கும். கழுத்திலோ காலிலோ வாலிலோ கயிறு கட்டி டிராக்டரால் இழுத்தால் மூட்டு கழன்றுவிடும், முதுகெலும்பு முறியும். தலை தண்ணீருக்கு மேல் இருக்கும்படி ஒருவர் பக்கவாட்டிலிருந்து தாங்கட்டும். கால்கள் உதைக்கும் பக்கம் யாரும் போகக் கூடாது. 999ஐ அழைத்துத் தீயணைப்பு மீட்புப் படையை வரச் சொல்லுங்கள். இழுக்க வேண்டுமென்றால் அகலமான பட்டையை நெஞ்சுக்கூட்டைச் சுற்றிப் போட்டுத்தான் இழுக்க வேண்டும். அதற்கு முன் மண்ணைத் தோண்டிச் சேற்றின் பிடியைத் தளர்த்த வேண்டும்.

சாலைப் பக்கம் ஓடிய குதிரையைத் துரத்தாதீர்கள். துரத்தினால் அது இன்னும் ஓடும். மற்றக் குதிரைகளை அமைதியாக நிறுத்தி வைத்தால், கூட்டத்தைத் தேடி அதுவே திரும்ப வாய்ப்புண்டு. ஒருவர் சாலைமுனைக்குப் போய் வாகனங்களை மெதுவாக்கட்டும்.

ஆள் விழுந்தால்

மனிதனுக்கும் குதிரைக்கும் ஒரே நேரத்தில் அடிபட்டால் மனிதன்தான் முதலில். இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குதிரையோடு பழகியவர்கள் தன் கை ஒடிந்திருப்பதுகூடத் தெரியாமல் அதன் பின்னால் ஓடுவார்கள். கழுத்து வலி, கால் மரத்துப்போனது, சிறிது நேரம் நினைவு தப்பியது என்றால் தூக்கி உட்கார வைக்காதீர்கள், தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். சிங்கப்பூரில் ஆம்புலன்சுக்கு 995. சைஸ் வேலையில் இருப்பவர் விழுந்தால் சொக்சோவுக்கு அறிவிக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்க வேண்டும். சின்ன அடி என்று விட்டுவிடுவதும், ஆறு மாதம் கழித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் நம்மவர்களிடம் சகஜம்.

முடிவெடுப்பது யார்?

பலர் பேசி வைக்காத விஷயம் இதுதான். பாதையில் குதிரையோடு இருப்பவர் பல சமயம் அதன் உரிமையாளர் அல்ல. மருத்துவர் வந்து, லோரி வைத்துச் செர்டாங்குக்குக் கொண்டுபோக வேண்டும், அறுவைக்கு இவ்வளவு ஆகும் என்கிறார். அல்லது கால் எலும்பு உடைந்துவிட்டது, வேதனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறார். உரிமையாளரின் கைப்பேசி அடைத்திருக்கிறது. அங்கே நிற்கும் சைஸ் சரி என்றாலும் குற்றம், வேண்டாம் என்றாலும் குற்றம். பிறகு பேச்சு வாங்குவதும் அவர்தான்.

எனவே குதிரையை வெளியே எடுக்கும் முன், எழுத்தில் ஒரு பக்கம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு செலவுவரை கேட்காமல் சிகிச்சை தரலாம், உரிமையாளர் கிடைக்காவிட்டால் யாரை அழைப்பது, பிழைக்காது என்று மருத்துவர் சொன்னால் கருணைக்கொலைக்குச் சம்மதமா, காப்புறுதி உண்டா என்பவை அதில் இருந்தால் போதும். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், அடிபட்ட விலங்குக்குச் சிகிச்சை தரும் பொறுப்பை உரிமையாளர் மேல் வைக்கிறது. அந்தப் பொறுப்பைச் சம்பளத்துக்கு இருப்பவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

திரும்பி வந்த பிறகு

லாயத்துக்கு வந்து சேணத்தைக் கழற்றியதும் வேலை முடிந்துவிடாது. நான்கு காலையும் கையால் தடவிப் பாருங்கள். அட்டை, முள், சூடேறிய இடம் எல்லாம் கண்ணைவிடக் கைக்குத்தான் முதலில் தெரியும். இரவு ஒருமுறை போய்த் தண்ணீர் குடித்ததா, சாணி போட்டதா என்று பாருங்கள். மறுநாள் காலை சூடு பாருங்கள். 2020இல் தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் பரவி நூற்றுக்கணக்கான குதிரைகள் இறந்தன. அதே ஆண்டு திரெங்கானுவிலும் அது கண்டறியப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு கொசுவினப் பூச்சி பரப்பும் அந்த நோய் காய்ச்சலில்தான் தொடங்கும். காரணமில்லாமல் 38.5ஐத் தாண்டிய குதிரையை மற்றவற்றிலிருந்து பிரித்துக் கட்டி, கால்நடை சேவைத் துறைக்கோ உங்கள் மருத்துவருக்கோ அன்றே தெரிவியுங்கள். அந்த வாரச் சவாரியை அந்தக் குதிரைக்கு ரத்து செய்துவிடுங்கள்.